விரல் கணுவில் கட்டியா? ஊக்கைக் கையில் எடுக்கும் முன்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வலது கை நடுவிரலில், நகத்துக்கும் கடைசிக் கணுவுக்கும் இடையில், சற்று ஓரமாக, மிளகு அளவுக்குப் பளபளவென்று ஒரு கொப்புளம். வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் லாரித் தண்ணீர் பிடிக்க நின்றபோது பக்கத்து வீட்டுப் பெண்தான் முதலில் பார்த்தாள். "இன்னாக்கா, எண்ணெ தெறிச்சிக்கிச்சா?" என்று கேட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தினமும் பஜ்ஜி, வடை போடுகிற கை, எண்ணெய் தெறிக்காத நாள் ஏது? இரண்டு வாரம் ஆகியும் அமுங்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் தாலிச்சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, அடுப்பில் காட்டிச் சுட்டு, அது போதும் என்ற தைரியத்தில் குத்திவிட்டேன். தண்ணீர் வரும் என்று பார்த்தால், ஊறின சப்ஜா விதையைச் சுற்றி இருக்குமே, அந்த மாதிரி வழவழவென்று கண்ணாடி நிறத்தில் ஒரு பசை வந்தது. கட்டி அமுங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்தே நாளில் அதே இடத்தில் அதே அளவில் திரும்ப வந்தது. திரும்பக் குத்தினேன். மூன்றாவது முறை குத்திய மறுநாள் விரல் சிவந்து வீங்கி, கணுவை மடக்கவே முடியாமல், ராத்திரி முழுக்க விண் விண் என்று தெறித்தது. காலையில் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா விரலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்: "குத்தினீங்களா?"

விஷயம் என்னவென்றால், அது தோலில் வந்த கொப்புளமே இல்லை. உள்ளே இருக்கும் மூட்டிலிருந்து மெல்லிய காம்பு ஒன்று கிளம்பித் தோலுக்கு அடியில் வந்து பையாகப் புடைத்து நிற்கிறது. நான் குத்தியபோது பைக்கு மட்டும் ஓட்டை போடவில்லை, வெளியில் இருக்கிற கிருமிக்கு மூட்டு வரைக்கும் ஒரு வழியையே திறந்துவிட்டிருக்கிறேன். மூட்டுக்குள் சீழ் பிடித்தால் குருத்தெலும்பு சில நாட்களிலேயே கெட ஆரம்பித்துவிடும், விரல் விறைத்தே போகலாம். நான் தப்பியது அதிர்ஷ்டம், அதோடு இரண்டு வாரம் ஆன்டிபயாடிக்.

விரலில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவைதான். கேன்சர் என்று பயந்து தூக்கம் கெடவும் வேண்டாம், 'ஒன்றுமில்லை' என்று ஊக்கை எடுக்கவும் வேண்டாம். எது எது என்று அடையாளம் கண்டுகொள்ள வீட்டிலேயே கொஞ்சம் பார்க்கலாம்.

இடம்தான் பாதி விடை

விரலுக்கு மூன்று கணு. நகத்தை ஒட்டி இருப்பது நுனிக்கணு, அடுத்தது நடுக்கணு, கையை மூடிக் குத்துகிற மாதிரி வைத்தால் மேடாகத் துருத்துவது முட்டி. கட்டி எந்தக் கணுவில் இருக்கிறது, மேல்புறமா உள்ளங்கைப் புறமா, நட்டநடுவிலா ஓரத்திலா என்று பாருங்கள். டாக்டர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

எனக்கு வந்தது நுனிக்கணுவின் மேல்புறத்தில், ஓரமாக. இதற்கு மியூக்கஸ் சிஸ்ட் என்று பெயர், சில டாக்டர்கள் மிக்ஸாய்டு சிஸ்ட் என்று எழுதுவார்கள், இரண்டும் ஒன்றுதான். ஏன் எப்போதும் ஓரத்தில் வருகிறது என்று கேட்டால், நடுவில் விரலை நிமிர்த்துகிற தசைநாண் பட்டையாக ஓடுகிறது, அதைத் துளைக்க முடியாமல் பை பக்கவாட்டில் வெளியே வருகிறது. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். மேலே தோல் மெலிந்து, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி மினுங்கும். நாற்பது வயதுக்கு மேல்தான் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கணு தேய்ந்து, எலும்பு விளிம்பில் சின்ன முள் மாதிரி ஒரு வளர்ச்சி இருக்கும், அதுதான் பெரும்பாலும் ஆரம்பக் காரணம். அதனால்தான் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். கட்டிக்கு எதற்கு எக்ஸ்ரே, பில் ஏற்றுகிறார்கள் என்று நானும் முணுமுணுத்தவள்தான்.

இதற்கு இன்னொரு அடையாளம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. நகத்தின் வேர் அந்தக் கணுவுக்கு வெகு பக்கத்தில் தோலுக்கு அடியில் இருக்கிறது. கட்டி அதை அழுத்தினால், அந்த இடத்திலிருந்து முளைக்கிற நகம் நீளவாக்கில் வாய்க்கால் வெட்டினாற்போலப் பள்ளத்தோடு வளரும். சிலருக்குக் கட்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பள்ளம் வந்துவிடும். கால்சியம் குறைவு என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரே ஒரு விரலில் மட்டும் நகம் இப்படி வாய்க்கால் விழுந்தால் சத்துக் குறைவை விட்டுவிட்டு நகக்கண்ணுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள்.

அதே நுனிக்கணுவில், ஆனால் கல் மாதிரிக் கெட்டியாக, இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல முடிச்சு விழுந்திருந்தால் அது வேறு. என் அம்மாவின் கை அப்படித்தான், விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி. ஆயாவின் கையும் அப்படியே இருந்ததாக அம்மா சொல்வாள். இது தேய்மானத்தில் எலும்பே தடித்துப் போவது. நுனிக்கணுவில் வந்தால் ஹெபர்டன் முடிச்சு, நடுக்கணுவில் வந்தால் பூஷார் முடிச்சு. முதல் பெயர் 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில டாக்டர் வில்லியம் ஹெபர்டனுடையது, இரண்டாவது ஒரு பிரெஞ்சு டாக்டருடையது. பெயர்கள் முக்கியமில்லை, ரிப்போர்ட்டில் பார்த்தால் மிரளாமல் இருக்கத்தான் சொன்னேன். மாதவிடாய் நிற்கிற வயதையொட்டிப் பெண்களுக்கு நிறைய வரும், அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். முதல் சில மாதங்கள் சிவந்து வலிக்கும், வலி போன பின்னும் முடிச்சு அப்படியே நிற்கும். எந்த எண்ணெய் தேய்த்தாலும் கரையாது, எலும்பு எண்ணெயில் கரைகிற பொருள் இல்லை. ஆனாலும் சூடான தண்ணீரில் கையை வைத்துக்கொண்டால் விறைப்பு விடும், அம்மா காலையில் பாத்திரம் தேய்க்கும் முன் அதைத்தான் செய்கிறாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சொடக்கு எடுத்தால் கணு பெருத்துவிடும் என்று நம் வீடுகளில் பிள்ளைகளைத் திட்டுவோமே, அதற்குச் சரியான ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் டொனால்ட் உங்கர் என்ற டாக்டர் அறுபது வருடத்துக்கு மேல் ஒரு கை விரல்களை மட்டும் சொடக்கு எடுத்து, இன்னொரு கையை விட்டுவிட்டு, கடைசியில் இரண்டிலும் மூட்டுவாதம் இல்லை என்று எழுதினார். அதற்கு 2009-ல் இக் நோபல் என்கிற சிரிக்க வைக்கும் பரிசும் கொடுத்தார்கள். ஒரே ஒரு ஆளை வைத்துச் சட்டம் போட முடியாது, சரி. ஆனால் அம்மா திட்டிய திட்டுக்கு இது பதில்.

உள்ளங்கைப் புறம் வேறு கதை. விரல் உள்ளங்கையோடு சேர்கிற மடிப்பில், பச்சைப் பட்டாணி அளவில், அழுத்தினால் சுருக்கென்று வலிக்கிற கெட்டியான குண்டு இருந்தால், பெரும்பாலும் அது தசைநாணின் உறையிலிருந்து வருகிற காங்லியான் என்ற நீர்க்கட்டி. மற்ற நேரம் இருப்பதே தெரியாது. எதையாவது இறுக்கிப் பிடித்தால்தான் தெரியும். குடத்தின் விளிம்பு, அடிபம்புக் கைப்பிடி, பைக்கின் ஆக்சிலேட்டர், மீன்பாடி வண்டியின் ஹேண்டில்பார், எல்லாம் சரியாக அந்த இடத்தில்தான் வந்து உட்காரும். உள்ளே பசைதான் என்றாலும் பை இறுகியிருப்பதால் எலும்பு மாதிரிக் கெட்டியாக இருக்கும், அதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். மணிக்கட்டின் மேல்புறத்தில் பெரிதாக வருவதும் இதே காங்லியான்தான், அந்த இடத்தில்தான் அதிகமாகவே வரும்.

விரலின் உள்பக்கமோ பக்கவாட்டிலோ, வலியே இல்லாமல், மாதக்கணக்கில் வருடக்கணக்கில் மெதுவாகப் பெருத்துக்கொண்டே போகிற, தொட்டால் ரப்பர் மாதிரிக் கெட்டியாக, மேடும் பள்ளமுமாக இருக்கிற ஒன்று உண்டு. தசைநாண் உறையில் வருகிற ஜயன்ட் செல் ட்யூமர். 'ட்யூமர்' என்ற வார்த்தையைக் கேட்டதும் அழுதுவிடாதீர்கள், இதுவும் சாதுதான். கையில் வருகிற கட்டிகளில் காங்லியானுக்கு அடுத்தபடி அதிகம் வருவது இதுதான். ஆனால் தானாகக் கரையாது, எடுத்தாலும் திரும்ப வருகிற குணம் இதற்கு உண்டு. எனவே கை அறுவை நன்றாகத் தெரிந்தவரிடம்தான் எடுக்க வேண்டும்.

நடுக்கணுவின் மேல் தோல் மட்டும் தடித்து, வலி இல்லாமல், மெத்தை வைத்தாற்போல இருந்தால் அது நக்கிள் பேட். நம் பக்கத்தில் குத்துச்சண்டை பழகுகிற பையன்களின் கையில் தோல் தடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரலைக் கடித்துக்கொண்டே படிக்கிற பிள்ளைகளுக்கும் வரும், காரணமே இல்லாமலும் வரும். மீன் முள்ளோ தையல் ஊசியோ குத்தி ஆறிப்போன விரல் நுனியில் மாதங்கள் கழித்து ஒரு உருண்டை வந்தால், குத்தியபோது மேல்தோலின் துணுக்கு உள்ளே போய் அங்கேயே வளர்ந்து பையாகியிருக்கும். எம்.சி. ரோடு தையல்காரர்களும் காசிமேட்டில் மீன் வெட்டுகிற பெண்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

தொட்டுப் பார்ப்பது, வெளிச்சம் காட்டுவது

கட்டியை ஒரு விரலால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். தோலோடு சேர்ந்து நகர்கிறதா, தோல் மட்டும் நகர்ந்து கட்டி அடியில் நிற்கிறதா? விரலை மடக்கி நிமிர்த்தும்போது கட்டியும் கூடவே வழுக்கிப் போகிறதா? போனால் தசைநாணோடு சம்பந்தம் இருக்கலாம். காலையில் சின்னதாகவும் வேலை செய்த நாள் சாயங்காலம் பெரிதாகவும் இருக்கிறதா? ஏறி இறங்குகிற கட்டி பெரும்பாலும் நீர்க்கட்டி.

வெளிச்சப் பரிசோதனைக்கு விளக்கை அணைத்துவிட்டு ஒரு கெட்டிக் காகிதத்தில் பென்சில் முனை அளவுக்கு ஓட்டை போட்டு செல்போன் டார்ச்சின் மேல் வையுங்கள். அந்த ஓட்டையைக் கட்டியின் ஒரு பக்கத்தில் ஒட்டிப் பிடியுங்கள். நேரடியாக டார்ச்சை வைத்தால் விரல் முழுக்கச் சிவப்பாக எரியும், ஒன்றும் புரியாது, நான் முதலில் அப்படித்தான் செய்து எல்லா விரலிலும் நீர்க்கட்டி என்று கண்டுபிடித்தேன். கட்டி முழுக்க ஒளி பரவி விளக்குப் போல எரிந்தால் உள்ளே தெளிவான பசை. இருட்டாகவே நின்றால் உள்ளே கெட்டியான சதை. இது ஒரு துப்பு, தீர்ப்பு இல்லை. கொழுப்புக் கட்டியும் கொஞ்சம் ஒளியை விடும்.

முடிந்தால் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள், மாதம் ஒரு முறை. 'கொஞ்சம் பெரிசாயிருக்கு டாக்டர்' என்பதைவிட அந்த மூன்று போட்டோ நிறையப் பேசும்.

கால் விரல்

காலில் வருவதில் பாதிக்கு மேல் செருப்பின் கைவரிசை. கால் ஆணியை எல்லாருக்கும் தெரியும், விரல் கணுவின் மேல் ஷூ உரசுகிற இடத்தில் மஞ்சளாகத் தடித்து நடுவில் ஆணி இறங்கினாற்போல இருக்கும். சுண்டு விரலுக்கும் நாலாவது விரலுக்கும் இடுக்கில் வந்தால் வியர்வையில் ஊறி வெள்ளையாக மெதுவாக இருக்கும், அதையும் சேற்றுப்புண் என்று நினைத்துக் களிம்பு போட்டுக்கொண்டே இருப்பார்கள். மருவா ஆணியா என்று குழப்பம் வந்தால், நேராக அழுத்தினால் அதிகம் வலிப்பது ஆணி, இரண்டு பக்கமும் கிள்ளினால் அதிகம் வலிப்பது மரு. ஆணிக்கென்று மெடிக்கல் ஷாப்பில் விற்கிற கார்ன் பிளாஸ்டரில் இருப்பது சாலிசிலிக் ஆசிட். சர்க்கரை இருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது, நல்ல தோலையும் சேர்த்து அரித்துவிடும், காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு அது அரிப்பதும் தெரியாது.

கட்டைவிரலின் அடிமூட்டு உள்பக்கம் புடைத்து, விரல் மற்ற விரல்கள் மேல் சாய்ந்தால் அதற்கு ஆங்கிலத்தில் பனியன் (bunion) என்று பெயர், உடுத்துகிற பனியன் இல்லை. கட்டி வளரவில்லை, எலும்பு விலகிப்போய்த் துருத்துகிறது. அகலமான செருப்பு வாங்குவது தவிர வீட்டில் செய்ய அதிகம் இல்லை. முனை கூர்மையான செருப்பை மட்டும் தயவுசெய்து கல்யாண நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதே மூட்டு ஒரே ராத்திரியில் தீப்பிடித்தாற்போல வீங்கி, போர்வை பட்டால்கூட அலறுகிற வலி என்றால் கௌட். யூரிக் ஆசிட் ஊசி ஊசியாகப் படிகமாகி மூட்டுக்குள் இறங்குவது. பல வருடம் கவனிக்காமல் விட்டால் அதுவே விரல் கணுக்களிலும் காதோரத்திலும் கட்டிகளாகப் படியும். தோலுக்கு அடியில் வெள்ளையாகத் தெரியும், உடைந்தால் சுண்ணாம்பு மாதிரி வரும். இதற்குத் தேவை கத்தி இல்லை, யூரிக் ஆசிடைக் குறைக்கிற மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் கட்டி மெல்ல மெல்ல கரையும். ஈரல், நெத்திலி, பீர் மூன்றும் யூரிக் ஆசிடை ஏற்றும், ராயபுரத்துக்காரரிடம் நெத்திலியை விடச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தவள் நான். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் சரியான அளவில்கூடக் காட்டலாம். எனவே ஒரு ரிப்போர்ட்டை வைத்துக் கௌட் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், வலி அடங்கிய பிறகு இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

வியாசர்பாடிப் பக்கம் ஃபுட்பால் ஆடுகிற பையன்களுக்காக ஒன்று. கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் கெட்டியாக ஏதோ வளர்ந்து நகத்தைத் தூக்கினால், அது எலும்பிலிருந்து கிளம்பின சின்ன முளையாக இருக்கலாம். இளவயதில், அடிபட்ட விரலில் வரும், எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும், எடுத்துவிட்டால் சரியாகும். நகம் சதைக்குள் இறங்கிவிட்டது என்று நகத்தையே திரும்பத் திரும்பப் பிடுங்கிக்கொண்டிருந்தால் தீராது.

வேஷம் போட்டு வருபவை

கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருப்பவர்களும், வீட்டில் மீன்தொட்டி கழுவுபவர்களும், மீன் வெட்டுபவர்களும் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். மைக்கோபாக்டீரியம் மாரினம் என்று ஒரு கிருமி, காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட சொந்தம், தண்ணீரிலும் மீனிலும் இருக்கும். கையில் கீறல் இருந்தால் உள்ளே போய், சில வாரம் கழித்து விரலிலோ முட்டியிலோ சிவந்த நீலம்பாரித்த ஒரு முடிச்சாகத் தலை காட்டும். வலி அதிகம் இருக்காது. ஆறவும் ஆறாது. சிலருக்குக் கையில் மேல் நோக்கி வரிசையாக அடுத்தடுத்த முடிச்சு வரும். ஐந்து நாள் ஆன்டிபயாடிக்குக்கு இது மசியாது, சரியான மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். இங்கே முக்கியமான விஷயம், டாக்டர் கேட்காவிட்டாலும் 'நான் மீன் வேலை செய்கிறேன்' என்று நீங்களே சொல்லிவிடுவது. அந்த ஒரு வரி இல்லாமல் இதைக் கண்டுபிடிப்பது அவர்களுக்கும் கஷ்டம்.

ருமடாய்டு மூட்டுவாதமும் குழப்பும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற நோய் அது. காலையில் எழுந்தால் இரண்டு கையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்து, முட்டிகளும் நடுக்கணுக்களும் மெத்தென்று வீங்கினால் அது தேய்மானம் இல்லை. தேய்மானத்தின் விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும், அதோடு ருமடாய்டு நுனிக்கணுவைப் பெரும்பாலும் தொடாது. சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால்தான் விரல்கள் கோணாமல் தப்பும்.

உடனே காட்ட வேண்டியவை: சில வாரத்துக்குள் மளமளவென்று வளர்கிற கட்டி, அடியோடு ஒட்டிக்கொண்டு அசையாத கெட்டிக் கட்டி, ராத்திரி தூக்கத்தை எழுப்புகிற வலி, ஆறாத புண், அடிக்கடி ரத்தம், விரல் மரத்துப் போவது, நகத்துக்கு அடியில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போகிற கறுப்புக் கோடு. நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடு சகஜம்தான், ஒரே நகத்தில் மட்டும் புதிதாக வந்து பரவுவதுதான் கவலை. சிவந்து வீங்கிய கணுவோடு காய்ச்சலும் இருந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

என்ன செய்யலாம், என்ன கூடாது

எங்கள் ஆயா காலத்தில் கட்டியின் மேல் நாலணாவை வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். மருவுக்குக் குதிரைவால் முடி, ஆணிக்கு எருக்கம்பால், எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு. சுண்ணாம்பும் எருக்கம்பாலும் தோலைப் பொசுக்கும், கட்டியின் மேல் தோல் ஏற்கெனவே வெங்காயச் சருகு மாதிரி இருக்கிற இடத்தில் அதைத் தடவினால் நேராக மூட்டில் கொண்டுபோய் விடும். எருக்கம்பால் பட்ட கையோடு கண்ணைத் தேய்த்தால் பார்வைக்கே கேடு. வெளிநாட்டிலும் இந்தப் புத்தி இல்லாமல் இல்லை, காங்லியானைத் தடித்த பைபிளால் ஓங்கி அடித்து உடைப்பது அங்கே பழைய வைத்தியம். உடையும், திரும்ப வரும், சில சமயம் எலும்பும் சேர்ந்து உடையும்.

வலி இல்லை, நகம் கெடவில்லை, வேலைக்கு இடைஞ்சல் இல்லை என்றால், டாக்டர் ஒரு முறை பார்த்து இது இன்னதுதான் என்று சொன்ன பிறகு, சும்மா விடுவதே நல்ல வைத்தியம். காங்லியான்களில் ஏறக்குறைய பாதி காலப்போக்கில் தானாகவே மறைந்துவிடும். டாக்டர் 'ஒன்றும் செய்ய வேண்டாம்' என்றால் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. நாம் அதைக் கேட்டுவிட்டு ஊசி போடுகிற இன்னொரு டாக்டரைத் தேடிப் போகிறோம், அங்கேதான் காசும் போகிறது, விரலும் போகிறது.

தொந்தரவு இருந்தால், சுத்தமான முறையில் ஊசியால் பசையை உறிஞ்சி எடுப்பார்கள். நான் ஊக்கால் செய்ததும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்காதீர்கள், ஊசியும் இடமும் கிருமி நீக்கியவை, எவ்வளவு ஆழம் போகலாம் என்று தெரிந்த கை. ஆனால் இதிலும் திரும்ப வருவது அதிகம், ஏனென்றால் காம்பு அப்படியே இருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிலருக்கு அடங்கும், போட்ட இடத்தில் தோல் மெலிந்து வெளுத்துப் போகலாம், நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும், வெண்குஷ்டமா என்று நாலு பேர் கேட்பார்கள். முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரவ நைட்ரஜனால் உறைய வைப்பதும் உண்டு.

நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் அறுவை. விரலின் அடியில் ஊசி போட்டு விரலை மட்டும் மரக்கச் செய்வார்கள், பேசிக்கொண்டே இருக்கலாம். பையை, காம்பை, அதற்குக் காரணமான எலும்பு முள்ளை மூன்றையும் எடுக்க வேண்டும். முள்ளை விட்டுவிட்டுப் பையை மட்டும் வெட்டினால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். எனவே 'எலும்பு முள்ளையும் சுரண்டுவீர்களா?' என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மேல் தோல் ரொம்ப மெலிந்திருந்தால் பக்கத்துத் தோலைத் திருப்பிப் போட்டு மூடுவார்கள், வடு கொஞ்சம் பெரிதாகத் தெரியும். இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். அதுவரை கை நனையக் கூடாது. நம் வீடுகளில் அறுவையைவிடப் பெரிய கஷ்டம் அதுதான். பாத்திரம் யார் தேய்ப்பது என்று முடிவு செய்துவிட்டு ஆபரேஷன் தேதி வாங்குங்கள். கணு கொஞ்ச நாள் விறைப்பாக இருக்கும், சொல்லிக்கொடுக்கிற பயிற்சியைச் சோம்பல்படாமல் செய்ய வேண்டும்.

எடுத்த கட்டியைப் பயாப்ஸிக்கு, அதாவது மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிற பரிசோதனைக்கு, அனுப்புவார்கள். சந்தேகப்பட்டு அனுப்புகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், எடுத்த எதையும் அனுப்பிப் பார்ப்பதுதான் முறை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

எங்கே போவது? வடசென்னையில் இருந்துகொண்டு கை விரலுக்கு அலைய வேண்டியதே இல்லை. பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைக்கும் மறுவாழ்வுக்கும் என்றே தனி நிலையம் இருக்கிறது, டாக்டர் ஆர். வெங்கடசாமி கட்டி வளர்த்தது. துறைமுகம், தொழிற்சாலை, அச்சகம் என்று இயந்திரத்தில் கையைக் கொடுத்தவர்கள் நிறைந்த பகுதிக்கு அது எவ்வளவு தேவை என்று நமக்குத்தான் தெரியும். 2018-ல் ஒருவருக்கு இரண்டு கைகளையும் மாற்றிப் பொருத்தியது அங்கேதான். மிளகு அளவுக் கட்டிக்கு அவ்வளவு பெரிய இடமா என்று தயங்காதீர்கள், விரலைத் தெரிந்தவர்கள் அவர்கள். காலையில் சீக்கிரம் போய் ஓபி சீட்டு வாங்குங்கள், பழைய எக்ஸ்ரே, சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டை, முக்கியமாக ரத்தம் நீர்க்கும் மாத்திரை ஏதாவது இருந்தால் அது, சர்க்கரை ரிப்போர்ட், இவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள். நகப் பாலிஷ், மருதாணி வேண்டாம், நகத்தைப் பார்க்க வேண்டும். மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், வீங்கிய விரலில் மாட்டிக்கொண்ட மோதிரத்தை அறுத்து எடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன், அந்தப் பெண் விரலுக்கு அழவில்லை, மோதிரத்துக்குத்தான் அழுதாள்.

என் விரலுக்கு வருகிறேன். வீக்கமும் சிவப்பும் ஆறிய பிறகு இரண்டு மாதம் கழித்துத்தான் அறுவை செய்தார்கள். கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர்தான் வளரும், முழு நகம் மாற ஆறு மாதம், கால் நகம் என்றால் ஒரு வருடத்துக்கும் மேல். தையல் பிரித்த மறுநாளே என் நகத்தில் விழுந்திருந்த பள்ளம் போகவில்லையே என்று நான் போய் நின்றபோது டாக்டரம்மா சிரித்தார். இப்போது நாலு மாதம். நகத்தின் அடிப்பாதி மொழுமொழுவென்று வந்திருக்கிறது, வாய்க்கால் நுனியில் மட்டும் மிச்சம். பக்கத்து வீட்டுப் பெண்ணின் மாமியாருக்கு அதே மாதிரி ஆள்காட்டி விரலில் வந்திருக்கிறதாம், நேற்று தண்ணீர் லாரிக்கு நின்றபோது கையை நீட்டிக் காட்டினார். "ஊக்கு எதுனா வச்சிருக்கியா?" என்று கேட்டார்.